பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டில் கேமராவின் வீண் அலாரங்களைக் குறைக்கும் வழி

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ வீட்டைப் பூட்டிச் சாவியைக் காவலுக்கு இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு போனில் கேமரா பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாட்டிய புதிதில் அலாரம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பீர்கள். வௌவால், சிலந்தி, மழைத்தூறல், வேப்பங்கிளை என்றே வந்துகொண்டிருந்தால் இரண்டாம் மாதம் ஒலியை அணைத்துவிடுவீர்கள். அதன்பிறகு அந்தக் கேமரா, திருட்டு நடந்து முடிந்தபின் பார்ப்பதற்கு மட்டுமே உதவும். தேக்குக் கதவும் பித்தளைப் பாத்திரமும் வண்டியேறிய பிறகு வீடியோ இருந்து என்ன பயன்?

எல்லோரும் முதலில் செய்வது சென்சிட்டிவிட்டியை (எவ்வளவு சிறிய அசைவுக்கு அலாரம் அடிக்க வேண்டும் என்ற அளவை) குறைப்பது. தயவுசெய்து அதைக் கடைசியில் தொடுங்கள். காரணம் எளிது. சாதாரண மோஷன் டிடெக்ஷன் (அசைவைக் கண்டறிவது), படத்தில் எவ்வளவு பகுதி மாறியது என்று மட்டுமே பார்க்கிறது. லென்ஸ் முன்னால் ஊரும் சிலந்தி படத்தில் கால்வாசியை மறைக்கும். 60 அடி தள்ளிக் கொல்லைச் சுவர் ஏறிக் குதிக்கும் ஆள், அகலமான லென்ஸில் படத்தின் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கமாட்டான். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது அந்த ஆள்தான். சிலந்தி கடைசி வரைக்கும் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் இடம், பிறகு வெளிச்சம், பிறகு மின்சாரம், அதற்கப்புறம்தான் அமைப்புகள் (செட்டிங்ஸ்). இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஒரு வாரம் எதையும் தொடாமல் கணக்கெடுங்கள்

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, மணி, எந்தக் கேமரா, எதனால். ஒவ்வொரு அலாரத்தின் வீடியோவையும் திறந்து பார்த்துக் காரணத்தை எழுதுங்கள். "பூச்சி", "வெயில் நிழல்", "கிளை", "பூனை", "படம் அணைந்து வந்தது", "தெருவில் வண்டி", "ஒன்றும் தெரியவில்லை" என்று ஏழெட்டு வகைக்குள் எல்லாம் அடங்கிவிடும். அந்த வாரத்தில் ஒரு நாளாவது காற்றோ மழையோ இருந்தால் நல்லது.

வாரக் கடைசியில் பார்த்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு கேமராக்கள்தான் தொல்லையில் பெரும்பங்கைத் தருவது தெரியும். எட்டுக் கேமராவையும் குடைய வேண்டியதில்லை. மணியையும் கவனியுங்கள். மாலை 6 முதல் 6:45க்குள்ளும் காலை 5:45 முதல் 6:30க்குள்ளும் குவிந்தால், அது பகல்-இரவு மாறும்போது கேமராவுக்குள் இருக்கும் வடிகட்டி நகர்ந்து, படம் நிறத்திலிருந்து கறுப்பு வெள்ளைக்குப் போய்ப்போய் வருவது. நள்ளிரவில் சீராக வந்துகொண்டிருந்தால் பூச்சி. தினமும் ஒரே மணிக்கு வந்தால் வெயில்.

"ஒன்றும் தெரியவில்லை" என்ற வகை நிறைய இருந்தால் 6ஆம் பகுதிக்கு நேராகப் போங்கள். அது அநேகமாக மின்சாரக் கோளாறு.

2. தாள்களும் பாஸ்வேர்டும் கைக்கு வரட்டும்

அமைப்புகளை மாற்ற அட்மின் உரிமை வேண்டும். பல வீடுகளில் அது கேமரா மாட்டியவர் போனில்தான் இருக்கிறது. வீட்டுக்காரருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் பகிர்ந்திருப்பார். அவர் தொழிலை விட்டுப் போனாலோ நம்பரை மாற்றினாலோ திண்டாட்டம்தான். கருவியை ஒரு கணக்கிலிருந்து விடுவிக்க, அந்தக் கணக்குக்காரரே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பில்லோடு கம்பெனிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியதுதான். புதிதாக மாட்டுகிறவர்கள் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன்பே இவற்றை வாங்கிவிடுங்கள்:

- ரெக்கார்டரின் (எல்லாக் கேமராவின் படத்தையும் பதிந்து வைக்கும் பெட்டி) அட்மின் பெயரும் பாஸ்வேர்டும். கேமராக்களுக்குத் தனிப் பாஸ்வேர்டு இருந்தால் அதுவும்.
- ஒவ்வொரு கருவியின் அடியிலும் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீடு, சீரியல் எண் ஆகியவற்றின் போட்டோ. மாட்டிய பிறகு 10 அடி ஏணி போட்டுத்தான் அதைப் பார்க்க முடியும்.
- ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய பில், வாரண்டி அட்டை. பில்லில் மாடல் எண் முழுதாக இருக்கட்டும். "2 எம்பி கேமரா – 4" என்று மட்டும் எழுதிய பில் வாரண்டிக்கு உதவாது. புதிய கருவியானால் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.
- எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று கையால் போட்ட வரைபடம். முகப்பிலிருந்து தோட்டம் வரை ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு நீளும் வீட்டில் இது இல்லாமல் கோளாறு தேடுவது பெரும்பாடு.

பங்காளிகளுக்குப் பொதுவான வீடானால் இன்னொரு தாளும் வேண்டும். வளவையும் (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு) இரண்டாம் கட்டையும் (அதற்குப் பின்னால் உள்ள அடுத்த பகுதி) கேமரா பார்க்கும் என்பதற்கு எல்லாப் புள்ளிகளின் (பங்குள்ள குடும்பங்களின்) ஒப்புதலையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். யார் போனுக்கு அலாரம் போகும், யார் பழைய பதிவைப் பார்க்கலாம், வீடு திறந்திருக்கும் நாட்களில் உள் கேமராக்களை யார் நிறுத்துவது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். முன்னோருக்கான படைப்புக்குக் கூடும்போது பேசி வாங்கிவிடுவது எளிது. ஒரு மனக்கசப்புக்குப் பிறகு வாங்குவது கடினம்.

3. உயரத்தையும் கோணத்தையும் சரிசெய்யுங்கள்

இந்த வீடுகளின் கூரை உயரம். கேமராவைக் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்று உத்தரத்துக்குப் பக்கத்தில் 14, 15 அடியில் மாட்டிவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் ஆள் ஒரு தலையும் இரண்டு தோளுமாகத் தெரிவார். மனிதரை அடையாளம் காணும் மென்பொருள் பெரும்பாலும் நின்ற உருவத்தைப் பார்த்துப் பழகியது. உச்சியிலிருந்து பார்த்தால் மனிதரை விட்டுவிடும், நாயை மனிதர் என்று சொல்லும்.

8 முதல் 10 அடி உயரம் போதும். கீழ்நோக்கிய சாய்வு 15 முதல் 30 டிகிரி. படத்தின் மேல் ஓரத்தில் வானம் தெரியவே கூடாது. வானம் தெரிந்தால் மேகம், பறவை, மின்னல் எல்லாம் கணக்கில் சேரும். பாதையை நேராகப் பார்க்காமல் சற்றே குறுக்காகப் பார்க்கும்படி திருப்புங்கள். கேமராவை நோக்கி நேரே வரும் ஆள் படத்தில் மெல்லப் பெரிதாவான், அவ்வளவுதான். குறுக்கே போகும் ஆளின் அசைவு தெளிவாகப் பதியும்.

லென்ஸ் எண்ணையும் பாருங்கள். 2.8 மி.மீ. லென்ஸ் 30 அடி தூரத்தில் சுமார் 75–80 அடி அகலத்தைப் பிடிக்கிறது, 4 மி.மீ. சுமார் 50–55 அடி. வளவுக்குள் 2.8 சரி. கொல்லைக்கும் பக்கச் சந்துக்கும் 4 அல்லது 6 மி.மீ. வேண்டும். அகலமான லென்ஸை வெளியே மாட்டினால் பக்கத்து வீட்டு முருங்கை, தெருவிளக்கு, கோயில் தேர் போகும் வீதி என்று வேண்டாததையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். வேண்டிய ஆளோ புள்ளியாகத் தெரிவான். முற்றத்தைச் சுற்றிய நீண்ட நடைக்குக் கேமராவை 90 டிகிரி திருப்பி மாட்டி, அமைப்பில் காரிடார் மோட் போடுங்கள். படம் நெடுக்காக வரும், இருபுறச் சுவரும் தூணும் இடத்தை அடைக்காது.

துளை போடும் முன் ஒரு நிமிடம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய பழைய பூச்சுச் சுவர் சுத்தியல் ட்ரில்லின் அதிர்ச்சியைத் தாங்காது. ஒரு துளைக்கு ஒரு தட்டு அகலம் பெயர்ந்து விழும், அதே மெருகை மீண்டும் கொண்டுவரும் கொத்தனாரும் குறைவு. பர்மா தேக்குத் தூணிலும் திருகாதீர்கள். இரும்புக் கம்பி ஜன்னல், ஓடு தாங்கும் சட்டம், பின்னாளில் கட்டிய சிமென்ட் சுவர், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றில் கிளாம்ப் போட்டு நிறுத்தலாம். சுவரில்தான் போட்டாக வேண்டும் என்றால் மாஸ்கிங் டேப் ஒட்டி, சுத்தியல் முறையை அணைத்து, மெதுவாகச் சுழற்றிப் போடச் சொல்லுங்கள்.

ஆனால் கிளாம்ப் ஆடக் கூடாது. தகர ஷீட்டிலும் பிளாஸ்டிக் குழாயிலும் மாட்டிய கேமரா காற்றில் நடுங்கும். கேமரா நடுங்கினால் படம் முழுவதுமே அசைவாகக் கணக்காகும். கையால் ஒரு தட்டுத் தட்டிப் போனில் பாருங்கள். படம் உடனே நின்றுவிட வேண்டும்.

4. இரவுப் பூச்சி, சிலந்தி, வௌவால்

வீண் அலாரங்களின் பெரிய ஊற்று இதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இருட்டில் கேமரா தன் லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளைப் போடுகிறது. நம் கண்ணுக்கு அது மங்கிய சிவப்புப் புள்ளி. லென்ஸுக்கு அரை அடி முன்னால் பறக்கும் கொசுவும் ஈசலும் அந்த வெளிச்சத்தில் பளீரென்று வெள்ளை உருண்டையாகத் தெரியும். அந்தப் பூச்சிகளுக்காகச் சிலந்தி அங்கேயே வலை கட்டும். சிலந்திக்காகப் பல்லி வரும். வலை இழை காற்றில் ஆடினாலே ராத்திரி முழுக்க அலாரம்.

செய்ய வேண்டியது: கேமராவின் உள் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, தனி 12 வோல்ட் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு ஒன்றைக் கேமராவிலிருந்து 4 முதல் 6 அடி தள்ளி மாட்டுங்கள். பூச்சிகள் அங்கே போய்க் கூடும். லென்ஸ் முன்னால் இருட்டாக இருப்பதால் வருகிற ஒன்றிரண்டும் பளிச்சிடாது. ஒரு கேமராவுக்கு இதைச் செய்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

இன்னொரு வழி, முகப்பில் 9 வாட் மஞ்சள் எல்இடி ஒன்றை இரவு முழுவதும் எரியவிடுவது. வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சளுக்குப் பூச்சி குறைவாக வரும். படமும் நிறத்திலேயே நிற்கும். மாலையும் காலையும் வடிகட்டி மாறும் தொல்லையும் குறையும். 12 மணி நேரம் எரித்தால் மாதம் மூன்றேகால் யூனிட்தான். பூட்டிய வீட்டுக்கு இது சுமையே இல்லை. திண்ணையில் வெளிச்சம் இருப்பதே ஒரு காவல் என்பது என் எண்ணம்.

கேமராவின் வடிவமும் முக்கியம். கண்ணாடிக் கவிழ்ப்பு உள்ள டோம் வகையில், செம்மண் புழுதி படிந்ததும் அகச்சிவப்பு ஒளி கவிழ்ப்பிலேயே எதிரொளித்துப் படம் பால்போல் ஆகிவிடும். வெளியிடத்துக்கு, அந்தக் கவிழ்ப்பு இல்லாத புல்லட் (குழல் வடிவம்) அல்லது டரட் (உருண்டை வடிவம்) வகையே ஏற்றது. லென்ஸின் ஓரத்தில் சுவரோ ஓட்டு விளிம்போ தூணோ மிக அருகில் தெரிந்தாலும் இதே எதிரொளிப்பு வரும். ஒரு சாண் முன்னால் தள்ளி மாட்டுங்கள்.

துப்புரவு: வாரம் ஒருமுறை நீளமான ஒட்டடைக் கம்பால் கேமராவின் தலையையும் கழுத்தையும் தட்டச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஈரமான மெல்லிய துணியால் லென்ஸ் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய், தின்னர் எதையும் தொட விடாதீர்கள். கண்ணாடியின் மேல்பூச்சு போய்விடும். பூச்சி மருந்தை லென்ஸ் மேல் அடிப்பதும் வேண்டாம்.

வௌவாலும் மாடப்புறாவும் ஆளில்லாத இரண்டாம் கட்டில் சகஜம். முற்றத்தின் திறப்புக்கு நைலான் வலை கட்டினால் பெருமளவு நிற்கும். ஓட்டுக்கூரையில் குடியிருக்கும் மரநாய் சுவர் விளிம்பு வழியே நடக்கும்; அதைத் துரத்துவதைவிட, அந்த விளிம்பைக் கண்காணிப்புப் பகுதியிலிருந்து நீக்குவது சுலபம்.

5. முற்றத்து வெயிலும் மழையும்

முற்றம் உள்ள வீட்டில் வெயில் நாள் முழுவதும் தரையில் நகர்கிறது. மேகம் மறைத்து விலகினால் ஒரு நொடியில் படத்தின் பாதி இருண்டு வெளுக்கும். ஆத்தங்குடி டைல்ஸின் மெருகில் அது இரட்டிப்பாகும். முற்றத்தை நோக்கிக் கேமராவை வைக்காமல், முற்றத்தின் ஓரத்தில் நின்று நடையையும் அறைக் கதவுகளையும் பார்க்கும்படி வையுங்கள். திருடன் போகப்போவது அந்தக் கதவுகளுக்குத்தான். முற்றத்தின் நடுவில் பாதுகாக்க ஒன்றுமில்லை.

கிழக்குப் பார்த்த முகப்பானால் வெளியே பார்க்கும் கேமராவுக்குக் காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். சற்றுத் தெற்கே அல்லது வடக்கே திருப்பி, வெளிச்சமும் இருளும் சேர்ந்த காட்சியைச் சமன்செய்யும் டபிள்யூடிஆர் என்ற அமைப்பைப் போடுங்கள்.

மழைத்துளி அகச்சிவப்பில் வெள்ளைக் கோடாகத் தெரியும். கேமரா தாழ்வாரத்துக்குள் இரண்டடி தள்ளி இருந்தால் துளி லென்ஸ் அருகே வராது. ஓட்டிலிருந்து தண்ணீர் தாரையாக விழும் வரிசை படத்தில் வரவே கூடாது. மழை நின்றபின் தேங்கிய நீரில் தெருவிளக்கு ஆடுவதும் அலாரம்தான். நீர் போகும் மடையில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உள்ளே இருக்கும் பெரிய நிலைக்கண்ணாடிகளையும் மறந்துவிடாதீர்கள். எதிர்ச் சுவரில் கண்ணாடி இருந்தால் தெருவில் போகும் வண்டி விளக்கு அதில் ஓடும். வீட்டில் ஆளில்லாத நாட்களில் துணி போட்டு மூடுங்கள். கொடியில் விட்டுப்போன துண்டு, அசையும் திரைச்சீலை, தொங்கும் சரவிளக்கு ஆகியவற்றையும் அப்படியே கவனியுங்கள்.

6. மின்சாரம்: கண்ணுக்குத் தெரியாத காரணம்

வீட்டின் நீளம் 150, 200 அடி. ரெக்கார்டர் முகப்பு அறையில், கேமரா கொல்லையில். 12 வோல்ட் மெல்லிய வயரில் அவ்வளவு தூரம் போகும்போது மின்னழுத்தம் இறங்கிவிடும். பகலில் ஓடும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது இழுக்கும் மின்சாரம் கூடும், அழுத்தம் இன்னும் இறங்கும், கேமரா அணைந்து எழும். எழுந்த கேமரா மறுபடி விளக்கைப் போடும், மறுபடி அணையும். ஒவ்வொரு முறையும் ஒரு அலாரம்.

சோதனை: இரவில், விளக்கு எரியும்போது, கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கேபிளைத்தான் மாற்ற வேண்டும், கேமராவை அல்ல. பகலில் அளந்துவிட்டு "பவர் சரியாக இருக்கிறது" என்பார்கள், ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஐபி கேமராவானால் (நெட்வொர்க் கேபிளில் இணைவது) பிஓஇ ஸ்விட்ச் மூலம் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் கொடுப்பது நல்ல தீர்வு; 100 மீட்டர் வரை போகும். அனலாக் கேமராவானால் (வீடியோ கேபிளில் இணைவது) கொல்லைப் பக்கமே தனி அடாப்டர், மழை படாத பெட்டிக்குள்.

ரெக்கார்டர், ரூட்டர், கேமராக்கள் மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். ரூட்டருக்கு மட்டும் மின்சாரம் போனால் கேமரா ஓடும், ஆனால் உங்களுக்குச் செய்தி வராது. குழல் விளக்கு எரியும் இடத்தில் படம் பட்டை பட்டையாக மினுங்கினால், அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை 50 ஆக்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

7. இப்போது அமைப்புகளுக்குப் போகலாம்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: பதிவு வேறு, அலாரம் வேறு. பதிவை 24 மணி நேரமும் ஓட விடுங்கள். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் நாளுக்குச் சுமார் 21.6 ஜிபி எடுக்கும். நான்கு கேமராவுக்கு 2 டிபி ஹார்டு டிஸ்க் ஏறக்குறைய 23 நாள் தாங்கும். அலாரத்தை எவ்வளவு வடிகட்டினாலும் பதிவில் எதுவும் விட்டுப்போகாது என்பதால் துணிந்து வடிகட்டலாம்.

அடுத்து, சாதாரண மோஷன் அலாரத்தை நிறுத்திவிட்டு, மனித உருவத்துக்கு மட்டும் அடிக்கும் ஹியூமன் டிடெக்ஷனைப் போடுங்கள். இரண்டும் ஓடினால் புதியது போட்டும் பழைய தொல்லை அப்படியே இருக்கும். இதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இந்த வேலையைச் செய்வது கேமராவா ரெக்கார்டரா என்று மாடல் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ரெக்கார்டர் செய்வதாக இருந்தால், எட்டுச் சேனல் கருவியிலும் நாலு சேனலுக்கு மட்டுமே அந்த வசதி இருக்கலாம். அப்படியானால் அதைக் கொல்லை, பக்கச் சந்து, முகப்பு, மாடிப்படி ஆகியவற்றுக்குக் கொடுங்கள்.

பிறகு எல்லை வரைதல். காம்பவுண்டு சுவரின் மேலேயே கோடு போட்டால் சுவரில் ஓடும் அணிலும் மயிலும் கோட்டைத் தாண்டும். சுவருக்கு உள்ளே மூன்று நான்கு அடி தள்ளி, தரையில், நடக்கும் ஆளின் கால் பதியும் இடத்தில் கோடு வரையுங்கள். கோட்டைத் தாண்டினால் அடிக்கும் இந்த லைன் கிராசிங்கில் திசை கேட்கும். வெளியிலிருந்து உள்ளே என்று மட்டும் வைத்தால் காவல்காரர் வெளியே போவதற்கு அலாரம் வராது. கோட்டுக்குப் பதில் ஒரு பரப்பை வரையும் இன்ட்ரூஷன் பகுதியானால், ஆள் அதற்குள் நிற்கும் நேரத்தை 1 அல்லது 2 நொடி வையுங்கள். ஐந்து பத்து என்று வைத்தால் வேகமாகக் கடப்பவர் தப்பிவிடுவார். தெரு எந்தப் பகுதிக்குள்ளும் வர வேண்டாம்.

ஆளின் குறைந்தபட்ச அளவைக் கேட்கும் அமைப்பு இருந்தால், ஒருவரைப் பகுதியின் கடைக்கோடியில் உட்காரச் சொல்லி, அந்த உருவத்தைவிடக் கொஞ்சம் சிறிய பெட்டியை வரையுங்கள். நின்ற ஆளை வைத்து வரையாதீர்கள். குனிந்து வருபவன்தான் உங்களுக்கு வேண்டியவன்.

சென்சிட்டிவிட்டி இப்போதுதான். பாதியில் தொடங்குங்கள்: 100க்கு 50, அல்லது 5க்கு 3. ஒரு தடவைக்கு ஒரு படி, ஒரு கேமரா மட்டும், மூன்று இரவு பார்த்துவிட்டு அடுத்த படி. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

8. நேர அட்டவணை: சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் கவனிக்க

அலாரம் இரவு 10 முதல் காலை 5 வரை என்று வைத்திருப்பீர்கள். சிங்கப்பூரில் இருந்தபடி செயலியில் "போன் நேரத்தோடு ஒத்திசை" என்பதை அழுத்தினால் கேமராவின் கடிகாரம் 2 மணி 30 நிமிடம் முன்னால் போய்விடும். அப்போது அலாரம் நம் ஊர் மணிக்கு இரவு 7:30க்குத் தொடங்கும். வாசலில் விளக்கேற்ற வருபவரெல்லாம் அலாரம் ஆவார். இதைவிட மோசம், அதிகாலை 2:30க்கு அலாரம் தானாக நின்றுவிடும். கருவியின் நேர மண்டலம் ஜிஎம்டி +5:30 என்றே இருக்க வேண்டும். நேரத்தை என்டிபி மூலம் இணையத்திலிருந்து எடுக்கட்டும். வீடியோவின் மூலையில் தெரியும் மணியை மாதம் ஒருமுறை இந்திய நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

பொங்கலுக்கும் பிள்ளையார் நோன்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு திறக்கும்போது அலாரத்தை முழுதாக அணைத்துவிட்டு, திரும்பப் போட மறந்து ஊருக்குப் போய்விடுவது உண்டு. அணைக்காதீர்கள். "வீட்டில் ஆள்" என்று இரண்டாவது அட்டவணை ஒன்றைச் சேமித்து, அதில் கொல்லையும் பக்கச் சந்தும் மட்டும் இயங்கும்படி வையுங்கள். வீட்டைப் பூட்டும் நாளில் முதல் அட்டவணைக்கு மாற்றும் பொறுப்பு, சாவியைக் கடைசியாக எடுப்பவருடையது.

9. பேட்டரி கேமரா வைத்திருந்தால்

இவை உடல் சூட்டை உணரும் பிஐஆர் சென்சாரால் விழிப்பவை. சித்திரை வைகாசியில் சுவரும் தரையும் மனித உடல் அளவுக்குச் சூடாகும்போது வேறுபாடு குறைந்து, சென்சாரின் எட்டும் தூரம் சுருங்கும். அதே சமயம் வெயில் பட்ட தகரம், ஏசியின் வெளி யூனிட், சூடான காற்று ஆகியவை வீணாக எழுப்பும். நிழலான பக்கம் மாட்டுங்கள்; ஆள் குறுக்கே நடக்கும்படி திருப்புங்கள். ஒவ்வொரு வீண் விழிப்பும் பேட்டரியைத் தின்னும். இரண்டடிச் சுண்ணாம்புச் சுவரைத் தாண்டி வைஃபை எட்டுவதும் கடினம். ஆளில்லாத பெரிய வீட்டுக்கு இந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

10. நடந்து பார்த்துச் சோதியுங்கள்

அமைப்பு முடிந்த அன்றே, இருட்டிய பிறகு, ஒருவர் வீட்டில் நடக்க மற்றவர் போனைப் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நடந்து, குனிந்து, சுவரை ஒட்டி, டார்ச் அடித்துக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, போர்வை போர்த்திக்கொண்டு என்று ஆறு விதமாக ஒவ்வொரு கேமராவையும் கடக்கச் சொல்லுங்கள். அலாரம் எத்தனை நொடியில் போனுக்கு வருகிறது என்றும் குறியுங்கள். வராமல் போன நடையைக் குறித்து, அந்தக் கேமராவின் கோட்டையோ அளவையோ மட்டும் திருத்தி மறுபடி நடக்கச் சொல்லுங்கள்.

போர்வை போர்த்தியவரைப் பல கேமராக்கள் மனிதர் என்று எடுத்துக்கொள்ளாது. அதற்காக எல்லா வடிகட்டியையும் தளர்த்தாதீர்கள். கொல்லைக் கதவிலும் இரண்டாம் கட்டுக் கதவிலும் காந்த சென்சார் போடுங்கள். கதவு திறந்தால் திறந்ததுதான். அதை ஏமாற்றப் பூச்சியாலும் முடியாது, போர்வையாலும் முடியாது.

11. செலவும் காலமும்

கடைக்குக் கடை மாறும். மனத்தில் வைத்துக்கொள்ளத் தோராயமாகச் சொல்கிறேன். தனி ஐஆர் விளக்கு ரூ.800 முதல் 2,000. நாலு போர்ட் பிஓஇ ஸ்விட்ச் ரூ.1,500 முதல் 2,500. நல்ல செம்புக் கேபிள் மீட்டருக்கு ரூ.20 முதல் 40. செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவு, ஆனால் நீண்ட தூரத்தில் 6ஆம் பகுதியில் சொன்ன கோளாறு அதில்தான் வரும். கதவு சென்சார் ரூ.500 முதல் 1,200. இடம் மாற்றி மாட்டும் கூலியைக் கேமராக் கணக்கில் பேசாமல் நாள் கணக்கில் பேசுங்கள். ஏணி வேலை எதிர்பார்த்ததைவிட இழுக்கும். அமைப்பு மாற்றுவதற்குச் செலவு இல்லை. முதலில் பணம் போட வேண்டிய இடம் தனி ஐஆர் விளக்கும் கேபிளும். புதிய கேமரா வாங்குவது கடைசி.

வேலையை ஆவணி, புரட்டாசிக்குள் முடியுங்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தபின் ஏணி வைக்கவும் முடியாது, ஆளும் கிடைக்கமாட்டார். முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் ஓரிரு இரவுகளில் என்ன செய்தாலும் சில அலாரங்கள் வரும். அதை வைத்து அமைப்பைக் கலைக்காதீர்கள். தையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை நடைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மரக்கிளை வளர்ந்திருக்கும், வெயிலின் சாய்வும் மாறியிருக்கும்.

12. அலாரம் யாருக்குப் போக வேண்டும்

எல்லாப் புள்ளிகளுக்கும் எல்லா அலாரமும் போனால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். "அண்ணன் பார்த்திருப்பார்" என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். வெளி எல்லை அலாரம் உள்ளூரில் இருப்பவர் ஒருவருக்கும் குடும்பத்தில் முறை வைத்து ஒருவருக்கும் போகட்டும். கதவு சென்சாரும் உள் கேமராவும் அனைவருக்கும் போகலாம். அவை அரிதாகவே அடிக்கும்.

போனில் அந்தச் செயலிக்குப் பேட்டரி சேமிப்பை விலக்கி வையுங்கள். இல்லாவிட்டால் செய்தி தாமதமாக வரும். செயலிக்கு மட்டும் தனி ஒலி கொடுங்கள். காவலுக்கு இருப்பவரின் நம்பர், பக்கத்து வீட்டுக்காரர் நம்பர், உங்கள் எல்லைக் காவல் நிலையத்தின் நேரடித் தொலைபேசி எண் மூன்றையும் நாட்டு எண்ணோடும், தரைவழித் தொலைபேசியானால் ஊர் (எஸ்டிடி) எண்ணோடும் சேர்த்துப் பதிந்து வையுங்கள். 100, 112 இரண்டும் உள்ளூரில் இருப்பவர் அழைக்கத்தான். வெளிநாட்டிலிருந்து அழைத்தால் அவை காரைக்குடிக்குப் போகாது.

காவலுக்கு இருப்பவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அலாரம் என்று நீங்கள் அழைத்தால் அவர் தனியாக உள்ளே போகக் கூடாது. வெளியே நின்று விளக்கைப் போட்டு, பக்கத்து வீட்டாரை எழுப்பி, காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, ஆள் சேர்ந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.